‘போய்ஷ்’ என்றால் சம்மதம் அல்ல

பாட்டில் அடைக்கும் தக்கைக்காகத் தக்கை மரத்தின் பட்டையை உரித்ததும், சிவந்து தெரியும் அடிமரத்தில் வெள்ளைப் பெயிண்டால் ஓர் எண் எழுதுவது போர்ச்சுகலில் எங்கள் அலென்தேஜுப் பக்கத்து வழக்கம். உரித்த வருஷத்தின் கடைசி இலக்கம், அவ்வளவுதான். ஒன்பது வருஷம் போனால்தான் மறுபடி உரிக்கலாம். முன்னால் கை வைத்தால் மரமும் தாங்காது, அபராதமும் வரும். எங்கள் பண்ணையில் எல்லா வருஷத்து மரங்களும் ஆயிரக்கணக்கில் கலந்து நிற்கின்றன, எது எந்த வருஷத்தது என்பதற்கு அந்த எண்ணைத் தவிர வேறு கணக்கு இல்லை. போன கோடையில், அதாவது 2025இல், முறை வந்தது 2016இல் உரித்த ஆறாம் எண் மரங்களுக்கு.

பண்ணை டாக்டர் வஸ்கோவுடையது. ஊசி போடுகிற டாக்டர் இல்லை. கோட்டு போட்ட முதலாளியை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். அவர் லிஸ்பனில் இருந்தார். மரங்களையும், மரத்தடியில் கொட்டை பொறுக்கித் தின்று கொழுக்கும் பன்றிகளையும் பார்த்துக்கொண்டது நான். போன வசந்தத்தில் போன் செய்தார்.

“இதலினா, இந்தக் கோடையில தக்கை ஒழுங்கா இறங்கணும். இல்லேன்னா பண்ணைய வேட்டைக் கிளப்புக்கு விட்டுடுவேன். அவங்க ரொம்ப நாளா கேக்கறாங்க.”

வேட்டைக் கிளப் வந்தால் வேலி வரும். பன்றிக்கு இடமில்லை, பன்றிக்காரிக்கு எங்கே இருக்கப் போகிறது? பயந்துதான் போனேன். ஆனால் மரங்கள் நன்றாகவே இருந்தன.

அந்த நேரத்தில்தான் எங்களைக் காப்பாற்ற ஐந்து நாட்டு ஆராய்ச்சியாளர்கள் வந்து இறங்கினார்கள். மரமும் கால்நடையும் சேர்ந்து பிழைக்கும் எங்கள் முறை மத்தியதரைக் கடல் ஓரமெங்கும் அழிந்துவருகிறதாம். அதைத் தடுக்கப் போகிறார்களாம். தலைவர் இத்தாலியப் பேராசிரியர் ஒரேஸ்தே. நல்ல மனுஷன், அதைச் சொல்லியாக வேண்டும். நான் வைத்த அசோர்தா ரொட்டிக் கஞ்சியைக் கொத்தமல்லித் தழைகூட மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். கண்ணில் பட்ட எல்லாவற்றையும் அளந்தார், என் பன்றிகளின் சாணம் உட்பட.

ஈஸ்டருக்குத் தங்கை வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பினால், மரமெல்லாம் பளிச்சென்று புது எண்கள். ஒன்று, இரண்டு, மூன்று. பழைய எண்களைக் காணோம். அவற்றைச் சுரண்டி, மேலே பழுப்புப் பெயிண்ட் பூசியிருந்தார்கள். நேராக ஒரேஸ்தேயைத் தேடிப் போனேன்.

“இது என்ன, புரொபசர்?”

“பன்னி மேயற மரம் ஒண்ணு, ஆடு மேயற மரம் ரெண்டு, எதுவும் மேயாத மரம் மூணு. எப்படி, அழகா இருக்கில்ல?”

“அங்க இருந்த பழைய எண்ணு?”

“முன்னாடி யாரோ பண்ண ஆராய்ச்சி போல. குழப்பம் வேணாம்னு மூடிட்டோம். டாக்டர் வஸ்கோகிட்ட கேட்டுத்தான் செஞ்சோம். லிஸ்பன்ல மீட்டிங் வெச்சுக் கேட்டோம். ‘போய்ஷ்’னார். சந்தேகத்துக்கு இன்னொரு தடவ கேட்டேன். ‘போய்ஷ், போய்ஷ்’னார்.”

தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். எங்கள் மொழியில் ‘போய்ஷ்’ என்றால் ஆமாம் இல்லை. இல்லை என்பதும் இல்லை. நீ பேசிக்கொண்டே இரு, காது இங்கேதான் இருக்கிறது, மனசு எங்கேயோ இருக்கிறது என்று அர்த்தம். கதை கேட்கிறவர்கள் ‘ம்’ கொட்டுவார்களே, அதுதான். அதை நம்பி ஐந்து நாடு சேர்ந்து பெயிண்ட் அடித்திருக்கிறது!

பட்டை உரிக்கும் கூட்டத்தின் மேஸ்திரி அபிலியோ ஜூன் மாதம் வந்தான். மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

“என்னக்கா இது, மூணுன்னு எழுதியிருக்கு? அப்ப ரெண்டு வருஷம் முன்னாடிதான் உரிச்சதா?”

“அது எதுவும் மேயாத மரம்டா.”

“மரம் எதுக்கு மேயுது?”

விஷயத்தைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தான். அப்புறம் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

“கோடாலிய வெச்சா பட்டையோட வயசு தெரிஞ்சுடாதா அபிலியோ?”

“தெரியும்க்கா. வெச்சப்புறம் தெரியும். அஞ்சு வருஷப் பட்டைதான்னு தெரிஞ்சா காயம் மரத்துக்கு, அபராதம் எனக்கு. எண்ணு இல்லாத மரத்துல நான் கை வெக்க மாட்டேன். கோவிச்சுக்காதே.”

ஒரேஸ்தே துடித்துப்போனார். “கவலப்படாதீங்க! பெயிண்ட் அடிக்கறதுக்கு முன்னாடி எல்லா மரத்தையும் போட்டோ எடுத்திருக்கோம்!” என்று கணினியைத் திறந்தார். எனக்கு உயிர் வந்தது. அபிலியோவும் எட்டிப் பார்த்தான். எல்லாமே மேலிருந்து பறக்கும் கேமரா எடுத்த படங்கள். ஒவ்வோர் இலையும் தெளிவாக இருந்தது. அடிமரம் ஒன்றுகூட இல்லை.

“பறவைங்களுக்கு உபயோகப்படும்,” என்றான் அபிலியோ. மறுநாள் கூட்டத்தோடு அடுத்த பண்ணைக்குப் போய்விட்டான். கோடை யாருக்காகவும் காத்திருப்பதில்லை.

நான் லிஸ்பனுக்குப் போன் போட்டேன். நடந்ததை ஆதியோடு அந்தமாகச் சொன்னேன்.

“நீங்கதான் சரின்னு சொன்னதா சொல்றாங்க டாக்டர்.”

“போய்ஷ்.”

“அடுத்த வருஷம் எல்லாத்தையும் சரி பண்ணிடலாம். ஒரு வருஷம் பொறுங்க, அது போதும்.”

“போய்ஷ்,” என்றார்.

நாற்பது வருஷமாக இந்த மொழியைப் பேசுகிறேன். அன்றைக்கு நானே அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு நிம்மதியாகப் படுத்தேன். அடுத்த வாரம் கிளப் ஆட்கள் வேலிக் கம்பம் நட வந்துவிட்டார்கள்.

இலையுதிர் காலத்தில் என் பன்றிகளை லாரியில் ஏற்றினேன். அப்போதுதான் கொட்டை விழத் தொடங்கியிருந்தது. கடைசிப் பன்றி ஏற மறுத்து மரத்தடியைப் பார்த்து உறுமியது. நான் அழுதேன், ஏன் மறைக்க வேண்டும்? அந்த நேரம் பார்த்து ஒரேஸ்தே வந்தார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. கையில் ஓர் அட்டை.

“இந்த நேரத்துல கேக்கறது தப்புதான். ஆனா கடைசி பேட்டி பாக்கி இருக்கு. இந்தத் தோப்புகள விட்டு ஜனங்க ஏன் போறாங்கன்னு...”

“கேளுங்க.”

“மழை குறைஞ்சு போச்சு, அதனாலயா?”

அவர் விரல் நகத்தின் ஓரத்தில் இன்னும் கொஞ்சம் வெள்ளைப் பெயிண்ட் ஒட்டியிருந்தது.

“போய்ஷ்,” என்றேன்.

அவர் டிக் அடித்தார்.

“தக்கைக்கு விலை கெடைக்கல?”

“போய்ஷ்.”

“இளசுங்க எல்லாம் நகரத்துக்குப் போயிடறாங்க?”

“போய்ஷ், போய்ஷ்,” என்று சொல்லிவிட்டு லாரியில் ஏறினேன்.