முட்டுக்கு வைத்த யோபு

ஃப்ரீசர் பெட்டியின் ஒரு கால் தரையில் படாமல் ஆடிக்கொண்டே இருந்தது. சித்தப்பா மகன் பீட்டர் அலமாரியிலிருந்து தடித்த புத்தகம் ஒன்றை உருவி அதன் அடியில் செருகினான். கையால் அழுத்திப் பார்த்தான். ஆட்டம் நின்றுவிட்டது.

"பெரியப்பா புத்தகம் இன்னைக்குத்தான் ஒரு வேலைக்கு ஒதவுச்சு" என்றான்.

ஷர்லி இன்னொரு கட்டைத் தூக்கிப் பின்கட்டுக்குக் கொண்டுபோனாள். விடிந்ததிலிருந்து அவள் செய்ததெல்லாம் புத்தகம் சுமந்ததுதான். அப்பாவைக் கிடத்த வீட்டில் இடமில்லை. கட்டிலில் பைபிள் வியாக்கியானம், அரிசி டிரம் மேல் வியாக்கியானம், தையல் மிஷினுக்குக் கீழும் வியாக்கியானம். நூறு வருடத்துக்கு முன் அச்சானவை. தொட்டால் பொடி உதிரும். அப்பா அருள்தாஸ் இந்த ஊர்க் கோவிலுக்கு உபதேசியார். போதகர் ஆலங்குடியிலிருந்து மாதம் ஒரு தடவைதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் அப்பாதான் பிரசங்கம் செய்வார். அதற்கு எதற்கு ஒரு வீடு நிறையப் புத்தகம்?

போன கிறிஸ்துமஸுக்குத் திருச்சியிலிருந்து வந்தபோதே அவள் சண்டை போட்டாள். "எல்லாம் போன்லயே இருக்குப்பா. இதெ பழைய பேப்பருக்குப் போடுங்க."

"வசனம் இருக்கும்மா" என்று மட்டும் சொன்னார் அப்பா.

"அக்கா, ஃப்ளெக்ஸ் கட்டியாச்சு. வந்து பாரு" என்று பீட்டர் கூப்பிட்டான்.

வாசலில் பந்தலுக்கு முன்னால் அப்பாவின் படம் தொங்கியது. படத்துக்குக் கீழே, பெயரைவிடப் பெரிய எழுத்தில் ஒரு வசனம். தொடக்கம் சிறியதாக இருந்தாலும் முடிவு நிறைவாக இருக்கும் என்கிற வசனம். யோபு எட்டாம் அதிகாரம், ஏழாம் வசனம்.

ஷர்லி திரும்பி, உள்ளே அம்மா இருந்த பக்கம் பார்த்தாள். "இதெ யாரு போடச் சொன்னா?"

"போதகர் ஐயருதான் வாட்ஸப்புல அனுப்புனாரு. பிரசங்கமும் இதுலதானாம். ஏன், நல்ல வசனந்தானே? எங்க வீட்டுக் காலண்டர்லகூட இருக்கு."

நல்ல வசனம்தான். ஆனால் பதிமூன்று வருடத்துக்கு முன், பைக்கிலிருந்து விழுந்து செத்த தம்பி ஜெரால்டு இதே வாசலில் கிடந்தபோது, வெளியூரிலிருந்து வந்த ஒரு பிரசங்கியாரும் இந்த அதிகாரத்தைத்தான் எடுத்தார். முழுவதையும் வாசித்தார். நாலாம் வசனத்தில் பிள்ளைகளின் பாவத்துக்காகத்தான் தேவன் அவர்களை விட்டுவிட்டார் என்று வரும். அங்கே நிறுத்தி, பைக்கில் வேகமாகப் போகிற வாலிபர்களைப் பற்றிப் பேசினார். அம்மா இன்னாசியம்மாள் எழுந்து அடுப்படிக்குள் போனாள். அதன்பின் எட்டு மாதம் கோவில் வாசலை மிதிக்கவில்லை. உபதேசியார் பிரசங்கம் செய்ய, உபதேசியார் மனைவி வீட்டில் இருந்தாள். ஊரே பேசியது.

இப்போது அம்மா உள்ளே பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். ஃப்ளெக்ஸை இன்னும் பார்க்கவில்லை. நான்கு மணிக்கு ஆராதனை. மணி இரண்டரை.

போதகர் ஜெபக்குமார் பைக்கை நிறுத்திவிட்டு வந்தார். முப்பது வயது இருக்கும். ஷர்லி அவரைப் பந்தலுக்கு அங்கிட்டு அழைத்துப் போய் விஷயத்தைச் சொன்னாள்.

"நாலாம் வசனத்தை நான் வாசிக்க மாட்டேன்க்கா. ஏழாம் வசனம் மட்டுந்தான்."

"அது வந்தா இதும் வரும் பாஸ்டர். அம்மாவுக்கு அந்த அதிகாரமே மனப்பாடம்."

"தேவ வார்த்தைக்கா. இந்த வருஷம் எனக்கு வந்த வாக்குத்தத்த வசனமே அதுதான். போன்ல நோட்ஸ் எல்லாம் எடுத்து வச்சிருக்கேன். இப்பப் போயி மாத்தச் சொன்னா…" என்று இழுத்தார். "தப்பா என்ன இருக்கு அதுல?"

ஷர்லிக்கு என்ன தப்பென்று சொல்லத் தெரியவில்லை. அவள் படித்தது காமர்ஸ். அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட ஆத்திரமாக இருந்தது. சொல்லத் தெரிந்த ஒரே ஆள் பெட்டிக்குள் கிடந்தார்.

உள்ளே போய்ப் புத்தகங்களைக் கிளறினாள். ஆதியாகமம். சங்கீதம் இரண்டு பாகம். எரேமியா. யோபு மட்டும் இல்லை. பின்கட்டில் மூட்டையாகக் கிடந்ததையும் கொட்டிப் பார்த்தாள். தும்மல்தான் வந்தது.

"என்னக்கா தேடுற?"

"யோபுடா. கருப்பு அட்டை."

பீட்டர் தலையைச் சொறிந்தான். பிறகு மெதுவாகப் பெட்டியின் காலைப் பார்த்தான்.

பெட்டியைத் தூக்க நான்கு பேர் வேண்டியிருந்தது. ஒரு மூலையை ஜெபக்குமாரே பிடித்தார். "எதுக்குப்பா இப்பத் தூக்குறீங்க?" என்று அம்மா கேட்டாள். "ஆடுதும்மா" என்றாள் ஷர்லி. புத்தகத்தை இழுத்துக்கொண்டு, தேங்காய் மட்டையைச் சீவி அந்த இடத்தில் செருகினார்கள். பெட்டியிலிருந்து சொட்டிய தண்ணீரில் புத்தகத்தின் ஒரு ஓரம் ஊறியிருந்தது. அட்டையில் கால் பதிந்த பள்ளம்.

ஜெபக்குமார் பின்கட்டில் மூட்டை மேல் உட்கார்ந்து எட்டாம் அதிகாரத்தைப் பிரித்தார். பழைய தமிழ். முதலில் எழுத்துக்கூட்டுவது போல வாசித்தார்.

"பேசுகிறவன் யோபுவின் நண்பன் பில்தாத் என்பதை மறவாதிருக்க. இவன் பத்துப் பிள்ளைகளைப் புதைத்த தகப்பனிடம், அவர்கள் பாவத்தால் செத்தார்கள் என்கிறான். கடைசியில் கர்த்தர் இவன் பேச்சைக் கண்டிக்கிறார். ஏழாம் வசனம் இனிப்பாயிருக்கிறது. ஆயினும் நாலாம் வசனத்தைத் தாண்டாமல் அதற்கு வர வழியில்லை."

அவர் வாசிப்பதை நிறுத்தினார். போனை எடுத்து எதையோ பார்த்தார், மறுபடி சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி அடுத்த வரிகளை வாசித்தார்.

"இந்நண்பர்கள் செய்த நல்ல காரியம் ஒன்றே. ஏழு நாள் யோபுவோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள்."

"இங்க பென்சில்ல ஏதோ எழுதியிருக்குக்கா" என்றார்.

ஷர்லி வாங்கிப் பார்த்தாள். ஓரத்தில் அப்பாவின் கையெழுத்து. ஜெரால்டு இறந்த அடுத்த வருடத் தேதி. 'புதுக்கோட்டை பழைய பேப்பர் கடையில் கிடைத்தது. ராத்திரி இன்னாசிக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டாம் தடவையும் வாசிக்கச் சொன்னாள். ஞாயிறு கோவிலுக்கு வந்தாள்.'

காலம்தான் அம்மாவைத் தேற்றியது என்று ஷர்லி இத்தனை நாள் நினைத்திருந்தாள். புத்தகத்தைப் போதகரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"தூசி" என்றாள்.

மூன்றரைக்கு அவள் வாசலுக்கு வந்தபோது, ஜெபக்குமார் வெள்ளை அங்கியோடு ஸ்டூலில் ஏறி நின்றிருந்தார். ஃப்ளெக்ஸின் கீழ்ப்பாதியைப் பின்னால் மடித்துக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார். இப்போது படமும் பெயரும் மட்டும் தெரிந்தன.

"மெனக்கெட்டு டிசைன் பண்ணுனது பாஸ்டர்" என்று முனகினான் பீட்டர்.

"அந்த முடிச்ச கொஞ்சம் இறுக்குங்க தம்பி."

ஆராதனையில் அவர் பேசியது ஐந்து நிமிடம்கூட இருக்காது. உபதேசியார் மழையிலும் சைக்கிளில் வீடு வீடாக வந்து ஜெபம் செய்ததைச் சொன்னார். "இதுக்கு மேல என்ன பேசுறதுன்னு எனக்குத் தெரியல" என்றார். கூட்டம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. அவர் நடந்துவந்து, அம்மாவின் நாற்காலி அருகே வெறுந்தரையில் உட்கார்ந்தார். யாரும் பாட்டை ஆரம்பிக்கவில்லை. பெட்டியின் மோட்டார் மட்டும் இரைந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அம்மா, "அங்கி அழுக்காவுது பாருங்க" என்று மெல்லச் சொன்னாள். அவர் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அவர் துணிப்பையோடு வந்தார்.

"அந்த யோபு பொஸ்தகம்… படிச்சிட்டுத் தந்துர்றேன்க்கா."

ஷர்லி கை காட்டினாள். துவைக்கிற கல்லின் மேல், வெயிலில், புத்தகம் விரிந்து கிடந்தது. அம்மா அதன் அருகே குந்தியிருந்தாள்.

"இன்னும் காயல ஐயா" என்றாள், நிமிராமல். "சித்த இருங்க."

ஈரத்தில் ஒட்டியிருந்த தாளை நகத்தால் மெதுவாகப் பிரித்துப் புரட்டினாள். காற்றில் பறக்காமல் இருக்க அதன் மேல் ஒரு கூழாங்கல்லை வைத்தாள். பிறகு அடுத்த தாள்.