வீட்டுக்காரருக்காக வந்தவள்

அடுத்தவர் கண்ணைச் சோதிப்பதுதான் அவளுக்கு வேலை. கண்ணாடிக் கடையின் பின்னறையில், வருகிறவர்களின் மூக்கில் கனத்த சட்டத்தை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இப்போ தெளிவா இருக்கா, முன்னாடி தெளிவா இருந்துச்சா?" என்று கேட்பாள். பதினாறு வருடமாகக் கேட்கிறாள். கடைசி ஒரு வருடமாக, காலை பத்து மணிக்குள் குளியலறைக்குப் போய் ஃபிளாஸ்க்கிலிருந்து இரண்டு மடக்கு குடிக்காவிட்டால் கை நடுங்கும். வில்லை சட்டத்தில் உட்காராது. ஃபிளாஸ்க்கில் இருந்தது வெந்நீர் இல்லை.

கணவருக்குத் தெரியாது. அவர் பஸ் டிப்போவில் நேரக்காப்பாளர். டீகூடத் தொடாத மனிதர். "எங்க வீட்ல அந்த வாடையே கிடையாது" என்று உறவுக்காரர்களிடம் மார்தட்டிக்கொள்வார். அவர் தட்டும்போதெல்லாம் அவள் வாயில் ஒரு கிராம்பு இருக்கும்.

ஒருநாள் ஒரு பெரியவருக்கு வில்லையை மாற்றும்போது கை நழுவி அவர் கண்ணோரத்தில் கீறிவிட்டது. சின்னக் கீறல்தான். பெரியவர் கோபப்படவில்லை. "காலையில ஏதாச்சும் சாப்பிட்டியாம்மா நீ?" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அன்று மதியமே, மருந்துக்கடைச் சுவரில் பல நாள் பார்த்தும் பார்க்காததுபோல் கடந்துபோன, 'குடியை விட வேண்டுமா?' என்ற நோட்டீஸிலிருந்த எண்ணுக்குப் போன் போட்டாள்.

"சொல்லும்மா" என்றது கரகரத்த ஆண் குரல். "யாருக்கு? வீட்டுக்காரருக்கா?"

உண்மை தொண்டைவரை வந்து, வந்த வழியே திரும்பிப் போனது.

"ஆமாங்க" என்றாள்.

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிக்கு மேலே, மாடியில் இரண்டு அறைகள். சனிக்கிழமை மாலைக் கூட்டம். பெரிய அறையில் குடியை விட்டவர்களும் விடப் பார்க்கிறவர்களும். அத்தனை பேரும் ஆண்கள். சின்ன அறையில் அவர்களுடைய மனைவிமார். போனில் பேசியவர் ஒரு வெல்டர், குடியை விட்டுப் பதினோரு வருடம் ஆனவர். அவள் முகவரியை வாங்கிக்கொண்டு, அவளைச் சின்ன அறையில் கொண்டுபோய் உட்காரவைத்தார். நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். அந்தப் பக்கம் யாரோ ஒருவர் தன் கை நடுக்கத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். எழுந்து போய்க் கதவைத் தட்டினால் ஆயிற்று. அவள் போகவில்லை.

"உன் வீட்டுக்காரர் எப்படிம்மா?" என்றாள் பக்கத்திலிருந்த டெய்லர் அக்கா.

"பாத்ரூம்ல குழாயைத் திறந்துவிட்டுக் குடிப்பாருக்கா. மூடி திறக்கற சத்தம் வெளிய வரக்கூடாதுல்ல. காலையில எழுந்ததும் இனிமே தொடமாட்டேன்னு அழுவாரு. பத்து மணி வரைக்கும்தான் அந்த வைராக்கியம்."

சொல்லச் சொல்ல அவளுக்கே அழுகை வந்தது. "பாவி மனுஷன்!" என்று டெய்லர் அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பாவி மனுஷன் அந்நேரம் வீட்டில் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார்.

ஐந்து வாரம் இப்படியே போனாள். கடையில் வேலை அதிகம் என்று வீட்டில் சொன்னாள். திரும்பி வரும்போது ஃபிளாஸ்க்கில் மிச்சமிருந்ததைக் காலி செய்தாள். வீட்டில் அவள் குடிக்காதவரின் மனைவி, மாடியில் குடிகாரரின் மனைவி. குடிக்கிறவளாக இருக்க அவளுக்கு ஓரிடமும் இல்லை.

ஆறாவது வாரம் வெல்டர் வழிமறித்தார். "தங்கச்சி, நாளைக்குக் காலையில வீட்டுக்கு வர்றேன். அவர்கிட்ட நானே பேசறேன்."

"வேணாம்ணே! அவருக்குக் கோபம் வரும்."

"அடிப்பாரா?"

"ஐயோ, இல்லண்ணே!"

அவள் மறுக்க மறுக்க, அடி வாங்குகிறவள்தான் இப்படிப் பயப்படுவாள் என்று அவருக்கு உறுதியாகிவிட்டது. வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவள் இன்னும் எதைக் கொடுத்து மீள்வது?

ஞாயிறு பத்து மணிக்கு வந்துவிட்டார். கணவர்தான் கதவைத் திறந்தார்.

"பயப்படாதீங்க சார். நானும் குடிச்சுச் சீரழிஞ்சவன்தான். மனசு விட்டுப் பேசுங்க."

"யார் சார் நீங்க? யாரு குடிச்சா? நானா?" கணவரின் குரல் படியேறியது. "பக்கத்து வீட்ல கேட்டுப் பாருங்க! எவன் சொன்னான்?"

வெல்டர் அவர் கண்ணைப் பார்த்தார், கையைப் பார்த்தார். பிறகு அவருக்குப் பின்னால், சமையலறை வாசலில், தண்ணீர்த் தட்டோடு நின்ற அவளைப் பார்த்தார். தட்டில் இரண்டு டம்ளர்கள் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுத்துக்கொண்டிருந்தன. அவர் முகம் மாறியது.

"மன்னிச்சுக்குங்க சார். வீடு மாறி வந்துட்டேன் போல" என்று திரும்பினார்.

அவளைத் தப்பவிடுகிறார் என்று புரிந்தது. அவர் வாசலைத் தாண்டிவிட்டால் எல்லாம் பழையபடிதான்: குழாய், கிராம்பு, பத்து மணி.

"வீடு மாறலண்ணே" என்றாள். "ஆள்தான் மாறிப்போச்சு. குடிக்கிறது நான்."

கணவர் முதலில் சிரித்தார். அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். வெல்டரை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார். எத்தனை நாளாக என்று கேட்கவில்லை. ஏன் என்றும் கேட்கவில்லை.

"யாருக்கெல்லாம் தெரியும்?" என்றுதான் கேட்டார்.

திடீரென நிறுத்தினால் உடம்புக்கு ஆபத்து என்று வெல்டர் அவளை முதலில் டாக்டரிடம் அனுப்பினார். கணவர் கூடவே போனார். அடிக்கவில்லை, கத்தவில்லை. ஆனால் தினமும் மாலையில் அவள் பையைத் திறந்து பார்த்தார். கடைக்கு மூன்று வேளை போன் செய்தார். சனிக்கிழமை கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போகிறாள் என்று தன் அக்காவிடம் அவரே பொய் சொன்னார்.

அந்தச் சனிக்கிழமை மாடியில், விஷயம் தெரிந்துபோன டெய்லர் அக்கா முகம் கொடுக்கவில்லை. "எங்ககிட்ட அழுது நடிச்சியேடி."

"அழுதது நடிப்பில்லக்கா" என்றுவிட்டுப் பெரிய அறைக்குப் போனாள்.

பேச்சு சட்டென்று நின்றது. "பொம்பளைய வெச்சுக்கிட்டு எப்படிப் பேசறது?" என்று யாரோ முணுமுணுத்தார். "நீ பேசாதப்பா. அவங்க பேசட்டும்" என்றார் வெல்டர்.

"நிறுத்தி நாலு நாள் ஆச்சு" என்றாள் அவள். "அஞ்சாவது நாளைப் பத்தி எனக்குத் தெரியல." வெல்டர் ஒரு நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார். யாரும் அவசரப்படுத்தவில்லை.

கீழே கணவர் தெருமுனையில், தனக்கும் அந்தக் கட்டடத்துக்கும் சம்பந்தமே இல்லாதவர்போல் நின்றிருந்தார்.

"என்ன சொன்னே?"

"என்னைப் பத்திதான்."

"நம்ம வீட்டப் பத்தி?"

"இல்ல."

அவர் இரண்டடி முன்னால் நடந்தார். அடுத்த சனிக்கிழமையும் அவரேதான் கூட்டிவந்தார்.