நாலு கிலோவுக்கு மேல்

கதவுகளைத் தேர்ந்தெடுக்க வந்தவர்களின் காலடிச் சேற்றை ஃபென்னா இரண்டாவது முறையாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். மார்ச் மாதம். வடகடல் காற்று அணைக்கரையைத் தாண்டி வந்து, சன்னலே இல்லாத அந்த நீளமான கட்டடத்தின் மீது மோதிக்கொண்டிருந்தது. உள்ளே மனிதர்கள் குறைவு. ஊர் உலகம் எடுக்கும் படங்களும் அனுப்பும் செய்திகளும் குடியிருக்கும் இயந்திரங்கள்தான் வரிசை வரிசையாக நின்றன. அவற்றுக்குக் குளிர் வேண்டும், தூசி ஆகாது. அந்தத் தூசியைத் துடைக்க ஃபென்னாவும் ரூலியும் வேண்டும்.

வாசல் கூடத்தில் மூன்று மாதிரிகளை நிறுத்தியிருந்தார்கள். மூன்று இரும்புக் கைகள் கொண்ட சுழல் தடுப்பு ஒன்று. முகத்தைப் பார்த்துத் திறக்கும் கதவு ஒன்று. மூன்றாவது, ஓர் ஆள் மட்டும் நிற்கக்கூடிய கண்ணாடிக் கூண்டு. இயந்திரக் கூடத்துக்கு எது பொருத்தம் என்று முடிவு செய்ய வேண்டியவர் கட்டட மேலாளர் பூலன்ஸ். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், கூடத்தைச் சுற்றிப் பார்த்தார், துடைப்பத்தோடு நின்ற இரண்டு பெண்களைப் பார்த்தார்.

"நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் இங்க வாங்க. ஒரே அட்டையில ரெண்டு பேரும் உள்ள போயிடணும். எப்படியாவது ஏமாத்திப் பாருங்க."

"திருட்டு வேலைக்குச் சம்பளம் குடுக்குறது இன்னிக்குத்தான் பாக்குறேன்" என்றாள் ரூலி. நாற்பத்தைந்து வயது, வாட்டசாட்டமான உடம்பு, வாயும் அதற்கேற்ற அளவு. அவள் ஃபென்னாவைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்துத் தள்ளிக்கொண்டு சுழல் தடுப்பில் ஒரே சுற்றில் வெளியேறினாள். எல்லோரும் சிரித்தார்கள். முகம் பார்க்கும் கதவில் ஃபென்னா முகத்தைக் காட்ட, ரூலி அவள் முழங்காலுக்குப் பக்கத்தில் தவழ்ந்து போனாள். இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள். கண்ணாடிக் கூண்டில்தான் மாட்டிக்கொண்டார்கள். வெளிக்கதவு மூடியது, உள்கதவு திறக்கவில்லை. 'ஒருவருக்கு மேல் உள்ளீர்கள்' என்றது ஒரு பெண் குரல். ரூலி விடவில்லை. ஃபென்னாவை முதுகில் உப்பு மூட்டை தூக்கிக்கொண்டு மறுபடி நுழைந்தாள். அதே குரல், அதே வார்த்தை.

"அது கால எண்ணலம்மா, நிறுக்குது" என்றான் விற்பனைக்காரன். பளபளக்கும் காலணி அணிந்தவன். "ஒவ்வொரு ஆளோட எடையும் பதிவுல இருக்கும். தரையில தராசு. நாலு கிலோ வரைக்கும் விட்டுக்கொடுக்கும். அதுக்கு மேல போச்சுன்னா உள்கதவு திறக்காது."

"மெலிஞ்சு போனா?"

"மெலிஞ்சா அதுக்கு என்ன வந்துச்சு? இஷ்டத்துக்கு மெலிஞ்சுக்கலாம்."

அதற்கும் சிரித்தார்கள். ஃபென்னாவும் சிரித்தாள். "அப்ப இதுதான்" என்று பூலன்ஸ் கண்ணாடியைத் தட்டினார். துணிச்சலான திருடிகள் இருவருக்கும் ஆளுக்கொரு துண்டு ஆப்பிள் கேக் கிடைத்தது.

அதே நாளில் வண்டி நிறுத்துமிடத்துக்கும் ஒரு தடுப்புக் கட்டை தேர்வானது. வண்டி எண்ணைக் கேமரா படித்து, பட்டியலில் இருந்தால் கட்டை உயரும். பட்டியலில் கம்பெனி ஊழியர்கள் மட்டும்தான். துப்புரவு ஆட்கள் வேறொரு கம்பெனியின் ஒப்பந்தத்தில் வந்தவர்கள். அவர்கள் வண்டியை அணைக்கரை ஓரம் விட்டுவிட்டு, காற்றில் குனிந்து நடந்து வரவேண்டும். இந்த ஏற்பாட்டுக்கெல்லாம் ஊழியர் குழுவின் சம்மதம் வேண்டும் என்பது சட்டம். குழு சம்மதித்தது. ஒப்பந்த ஆட்களுக்குக் குழுவில் இடமில்லை என்பதால் அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. கூண்டை விற்றுக் கொடுத்ததே அவர்கள்தான் என்பது வேறு விஷயம்.

மே மாதம் கூண்டு வந்து நின்றது. ஒவ்வொருவராக ஏறி எடையைப் பதிந்தார்கள். ஃபென்னா கோடைக்கு ஏற்ற மெல்லிய சட்டையும் துணிக் காலணியுமாக ஏறினாள். ஜூன் மாதம் தெரிந்தது, வயிற்றில் பிள்ளை.

முப்பத்தெட்டு வயது. இதற்கு முன் இரண்டு தங்கவில்லை. அதனால் கணவன் யாப்பிடமும் ரூலியிடமும் மட்டும் சொன்னாள். வெளியே சொல்லாததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அவளுடைய மூன்றாவது தற்காலிக ஒப்பந்தம் அக்டோபர் கடைசியோடு முடிகிறது. அதற்கு மேல் வைத்துக்கொண்டால் நிரந்தரமாக வைத்துக்கொள்ள வேண்டும்; இல்லாவிட்டால் அனுப்பிவிட வேண்டும். நிரந்தர வேலை என்று ஒரு தாள் கையில் இருந்தால் வங்கி வீட்டுக்கடன் தரும். எரிவாயு எடுத்து எடுத்து நிலம் அதிர்ந்து, சுவரில் கை நுழையும் அளவுக்கு விரிசல் விட்ட வாடகை வீட்டில் பிள்ளையைக் கிடத்த வேண்டியிருக்காது.

கர்ப்பம் என்று வேலையை விட்டு எடுக்கக் கூடாது என்றும் சட்டம் இருக்கிறது. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காததற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை என்றும் இருக்கிறது. போன வருடம் அவர்களோடு துடைத்துக்கொண்டிருந்த கேயாவின் வயிறு தெரிய ஆரம்பித்ததும், வேலை குறைந்துவிட்டது என்று அனுப்பினார்கள். அடுத்த திங்கட்கிழமை அவள் துடைப்பத்தை வேறொருத்தி பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்டோபர் வரைக்கும் சமாளிச்சிட்டாப் போதும்டி" என்றாள் ரூலி. "நீ நெட்டையா இருக்க, சட்டையும் தொளதொளன்னு இருக்கு. யாருக்குத் தெரியப் போகுது?"

"கூண்டுக்குத் தெரியும்."

ரூலி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

"குண்டாயிட்டேன், புது எடை பதிங்கன்னு கேளு. அந்த இன்ஜினியர் லீவுல பீரா குடிச்சுட்டு வந்து நின்னான்ல, பூலன்ஸ் அவன் வயித்தத் தட்டிச் சிரிச்சுட்டு உடனே பதிஞ்சு குடுத்தாரே."

"அவன் கம்பெனி ஆளு. நமக்குன்னா வில்மா எழுதிக் கேக்கணும்."

வில்மா அவர்களுடைய துப்புரவுக் கம்பெனியின் மேற்பார்வையாளர். மூன்று பிள்ளை பெற்றவள். ஃபென்னாவை ஏற இறங்க ஒரு பார்வை பார்த்தால் போதும்.

ஆகவே ஃபென்னா தன்னை உரிக்க ஆரம்பித்தாள். துப்புரவு வண்டி கூண்டு வழியாகப் போவதில்லை. சரக்குக் கதவு வழியாகத் தனியே போகும். முதலில் சாவிக்கொத்தை வண்டியில் போட்டாள். பிறகு போனை. பிறகு இடுப்புப் பட்டையை. செப்டம்பரில் காலணியையும் கழற்றி வாளிக்குள் மறைத்துவிட்டு, வெறும் காலுறையோடு சில்லிட்ட சிமெண்ட் தரையில் நடந்து கூண்டுக்குள் போனாள். காவல் மேசையில் இருந்த ஹார்ம் எட்டிப் பார்த்தார்.

"ஷூ எங்கம்மா?"

"கால் வலிக்குது."

ஹார்ம் காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், பிறகு குறுக்கெழுத்துப் புதிருக்குத் திரும்பிக்கொண்டார். ஒவ்வொரு தடவை கூண்டு மறுக்கும்போதும், உள்ளே நிற்பவரின் படத்தோடு பூலன்ஸுக்கு மின்னஞ்சல் போய்விடும். அதை நிறுத்த ஹார்மாலும் முடியாது.

கழற்ற இனி ஒன்றும் இல்லை என்றானபோது, ஃபென்னா சாப்பாட்டைக் கழற்றினாள். காலை ரொட்டி போயிற்று. வேலைக்கு முன் காப்பியும் போயிற்று. மத்தியான ரொட்டியைப் பாதியாக்கினாள். பசி காதை அடைத்தது. உள்கதவு பச்சை விளக்கோடு திறக்கும்போதெல்லாம் ஒரு வெற்றி மாதிரி இருந்தது. அப்படித் தோன்றியதற்காகப் பிற்பாடு தன்னையே திட்டிக்கொண்டாள்.

அக்டோபர் முதல் வாரம் மருத்துவச்சி அவளைத் தராசில் ஏற்றினாள். இறக்கினாள். மறுபடி ஏற்றினாள். படுக்கவைத்து வயிற்றில் நாடாவை வைத்து அளந்தாள்.

"போன தடவைக்கு நீ ஒண்ணுமே ஏறல. பிள்ளை வளரவேண்டிய அளவுக்கு வளரல. என்னதான் சாப்பிடுற?"

"சாப்பிடத்தான் செய்யுறேன்."

"என்கிட்ட பொய் சொல்லு, பரவால்ல. உள்ள இருக்குறதுகிட்ட சொல்லாத."

ஃபென்னா காரில் வந்து உட்கார்ந்தாள். வண்டியைக் கிளப்பத் தோன்றவில்லை. ஒரு தராசு ஏறு என்கிறது. இன்னொரு தராசு ஏறாதே என்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு பிள்ளை பட்டினி கிடக்கிறது, அதுவும் தாயின் கையால். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வந்தது கோபம். உள்ளங்கால் முதல் உச்சந்தலை வரை பற்றி எரிகிற கோபம். யார் மேல் என்று தேடிப் போனால், முதலில் தன் மேல்தான் வந்தது. ரூலியின் முதுகில் உப்பு மூட்டையாகத் தொங்கிக்கொண்டு சிரித்தவள் மேல்.

அன்றிரவு பட்டாணிக் கஞ்சியில் புகையூட்டிய இறைச்சியைத் துண்டு துண்டாகப் போட்டுக் காய்ச்சினாள். கறுப்பு ரொட்டியில் வெண்ணெயை அப்பி, மேலே பாலாடைக்கட்டியை வைத்து, யாரையோ பழிவாங்குகிற மாதிரி மென்றாள்.

"மெதுவா, மெதுவா" என்றான் யாப்.

"எனக்கில்ல இது. நீ இன்னொரு தட்டு ஊத்து."

மறுநாள் சாப்பிட்டாள். அதற்கடுத்த நாளும் சாப்பிட்டாள். நாலாம் நாள் கூண்டின் வெளிக்கதவு அவளுக்குப் பின்னால் மூடியது, உள்கதவு திறக்கவில்லை.

'ஒருவருக்கு மேல் உள்ளீர்கள்.'

கண்ணாடிக்கு வெளியே ஒரு கூட்டம் நின்றது. தங்கள் கட்டடத்துக்குக் கதவு தேர்ந்தெடுக்க வேறொரு கம்பெனியிலிருந்து வந்தவர்கள். விற்பனைக்காரன் அவர்களைக் கூட்டி வந்திருந்தான். பூலன்ஸ் பெருமையோடு விளக்கிக்கொண்டிருந்தார்.

"பாத்தீங்களா? சொல்லி வெச்ச மாதிரி நேர்லயே காட்டிருச்சு" என்றான் விற்பனைக்காரன்.

பூலன்ஸ் ஒலிபெருக்கிப் பொத்தானை அழுத்தினார். "ஃபென்னா, பாக்கெட்ல என்ன வெச்சிருக்கீங்க?"

"ஒண்ணுமில்ல."

"ஜாக்கெட்டைக் கழட்டுங்க."

கழற்றினாள். வயிற்றை மறைக்கப் போட்டிருந்த மெல்லிய ஜாக்கெட் அது. வைக்க இடமில்லை, கையிலேயே பிடித்துக்கொண்டாள்.

"கழட்டிக் கையில வெச்சுக்கிட்டா எடை எங்க போகும்?" என்றான் விற்பனைக்காரன். வந்தவர்கள் சிரித்தார்கள். கூண்டில் திரும்ப மட்டும்தான் இடமிருந்தது. ஃபென்னா அவர்களுக்கு முதுகைக் காட்டத் திரும்பினாள். பாதித் திரும்பலில், சட்டை வயிற்றோடு இழுபட்டு நின்றது. கூட்டத்திலிருந்த ஒரு பெண்ணின் சிரிப்பு நின்றுபோனது. பிறகு ஒவ்வொருவராக நிறுத்தினார்கள்.

"ஓ" என்றார் பூலன்ஸ். பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை. "வாழ்த்துகள்."

"வயித்துல இருக்குற பிள்ளையக்கூடப் புடிச்சிருச்சு பாருங்க" என்று விற்பனைக்காரன் பக்கத்து ஆளிடம் தாழ்ந்த குரலில் சொன்னான். பொத்தான் அழுத்தியபடியே இருந்ததால் கூண்டுக்குள் அது தெளிவாகக் கேட்டது. எத்தனை வாரத்தில் பொருத்தித் தருவீர்கள் என்று அந்த ஆள் கேட்டதும் கேட்டது.

சரக்குக் கதவுப் பக்கம் வண்டியோடு நின்ற ரூலி வாளியைத் தரையில் போட்டாள். அதற்குள்ளிருந்து ஃபென்னாவின் காலணிகள் உருண்டு வந்து விழுந்தன.

"ஏங்க பூலன்ஸ், இன்னிக்கும் ஆப்பிள் கேக் உண்டா? இந்த எழவை உங்களுக்கு வித்துக் கொடுத்தது நாங்கதானே? ரெண்டு துண்டு பத்தாதுங்க இந்தத் தடவை, மூணு வேணும்."

பூலன்ஸ் அவளைப் பார்க்கவில்லை. வெளிக்கதவு திறந்தது, ஃபென்னா வந்த வழியே வெளியே வந்தாள். விருந்தாளிகள் வழிவிட்டு ஒதுங்கினார்கள். ஒருவர் அவள் கையைப் பிடித்துக் குலுக்கவும் செய்தார். அவள் காலுறையோடு போய்க் காலணிகளைப் பொறுக்கிக்கொண்டாள்.

அடுத்த வாரம் வில்மா போன் செய்தாள். குரலில் தேன் ஒழுகியது. "அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல ஃபென்னா. அந்த இடத்துல வேலை குறையுது. நீ நல்ல வேலைக்காரி, யார் கேட்டாலும் சொல்வேன்."

"யாரும் கேக்க மாட்டாங்க" என்று ஃபென்னா வைத்துவிட்டாள்.

கடைசி நாள், குறைந்துபோன அந்த வேலைக்கு மைக்கே என்று ஒருத்தி வந்தாள். இருபத்தெட்டு வயது, குச்சி உடம்பு. வேலையைக் காட்டிக் கொடுத்து, எடை பதியக் கூட்டிப் போகும்படி வில்மா சொல்லி அனுப்பியிருந்தாள். அதையும் ஃபென்னாவே செய்ய வேண்டுமாம். உடை மாற்றும் அறையில் மைக்கே தன் மெல்லிய காலணியின் நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"கல்யாணம் ஆயிடுச்சா?" என்று ரூலி கேட்டாள்.

"ஒண்ணாத்தான் இருக்கோம். போன கோடையிலதான் வீடு பாத்து வந்தோம்."

"பிள்ளை?"

மைக்கே சிவந்தாள். "இனிமேதான். இப்ப எதுக்குக் கேக்குறீங்க?"

ரூலியும் ஃபென்னாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஃபென்னா குனிந்து, மூச்சு வாங்க, தன் கனத்த பனிக்காலப் பூட்ஸைக் கழற்றினாள்.

"இதப் போட்டுக்க."

"எனக்குப் பெருசா இருக்கும்."

"இருக்கட்டும்."

ரூலி அலமாரியைத் திறந்து, உப்புக்கறை நீக்கும் திரவப் பாட்டில்களை எடுத்து, நிறைந்தவையாகப் பார்த்து மைக்கேயின் மேலங்கிப் பைகளில் இறக்கினாள். இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு. கட்டடத்துச் சாவிக்கொத்து மொத்தத்தையும் உள்பையில் செருகினாள். ஃபென்னா தன் ஈரக் கம்பளிச் சட்டையை அவள் மேலங்கிக்குள் வயிற்றோடு சுற்றிப் பொத்தான் போட்டுவிட்டாள்.

"எதுக்குங்க இதெல்லாம்?" மைக்கே பயந்துபோயிருந்தாள். "கேலி பண்றீங்களா?"

"எடை பதியுற வரைக்கும் வெச்சிரு" என்றாள் ஃபென்னா. "அப்புறம் ஒண்ணொண்ணா எடுத்துக்கலாம். எப்ப எடுக்கணும்னு உனக்கே தெரியும்."

ஹார்ம் காவல் மேசையில் கணினியைத் திறந்து வைத்திருந்தார். மைக்கே கூண்டில் ஏறி நின்றாள். திரையில் எண் ஏறிக்கொண்டே போய் நின்றது. ஹார்ம் எண்ணைப் பார்த்தார். கண்ணாடிக்குள் நின்ற குச்சிக் கழுத்தைப் பார்த்தார். கீழே புடைத்துத் தொங்கிய பைகளைப் பார்த்தார். பிறகு வெறும் காலுறையோடு நின்ற ஃபென்னாவைப் பார்த்தார். பக்கத்துத் திரையில், வண்டி நிறுத்துமிடத்தின் தடுப்புக் கட்டை பூலன்ஸின் காருக்காக உயர்ந்துகொண்டிருந்தது. ஹார்ம் தலையைத் திருப்பி அதையே பார்த்துக்கொண்டு, பதிவுப் பொத்தானை அழுத்தினார்.

பச்சை விளக்கு எரிந்தது. உள்கதவு திறந்தது. மைக்கே சுமையை இரண்டு கைகளாலும் வயிற்றோடு தாங்கிப் பிடித்துக்கொண்டு, கால்களை அகட்டி வைத்து மெல்ல மெல்ல உள்ளே நடந்தாள்.