மாலாவின் கம்மல்

விடிய இன்னும் நேரம் கிடந்தது. நெற்றியில் கட்டிய பேட்டரி விளக்கு வெளிச்சத்தில் முத்துமாரி மல்லி மொட்டுகளைக் கிள்ளி மடியில் போட்டாள். பனியில் விரல்கள் விறைத்துப் போயிருந்தன. மொட்டு விரியுமுன் சங்கரன்கோவில் மார்க்கெட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். விரிந்த பூவை எவன் சீந்துவான்?

பக்கத்து வரிசையில் ஆளில்லை. அது இசக்கித்தாயின் வரிசை. போன ஆடியில் அவள் தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டாள். ஆனாலும் அங்கே மொட்டு கிள்ளுகிற சத்தம் முத்துமாரிக்குக் கேட்கத்தான் செய்தது. திரும்பினால் வெறும் இருட்டு.

இந்தத் தோட்டத்தில் ஒரு கேடுகெட்ட வழக்கம். பூச்சிமருந்து டப்பாவைத் தன் மோட்டார் ரூமில் வைக்க முதலாளி முத்துக்குமாரசாமி விடமாட்டார். மத்தியானம் அவர் அங்கேதான் கட்டில் போட்டுப் படுப்பார், நாற்றம் ஆகாதாம். வேலைசெய்கிற பெண்கள் முறைவைத்து வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். பிள்ளைகள் புழங்கும் ஓரறை வீடு நாறினால் பரவாயில்லை போலிருக்கிறது! இசக்கித்தாய் முறை வந்த அன்றுதான் அவள் போனாள்.

நேற்று மாலா முறை. புருஷன் விட்டுப் போனதிலிருந்து அவளுக்குப் பேச்சே குறைந்துவிட்டது. சாயங்காலம் திடீரென்று கம்மலைக் கழற்றி, "ஒங்க மகளுக்குப் போடுங்க மதினி" என்று நீட்டினாள். முத்துமாரிக்குத் திக்கென்றது. இசக்கித்தாயும் முந்தின நாள் இப்படித்தான் புதுச்சேலையைத் தூக்கிக் கொடுத்தாள்.

"ஏட்டி, செத்துப்போகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேட்டாள்.

மாலா உட்கார்ந்து அழுதாள். முத்துமாரி டப்பாவை முதலாளியின் கட்டிலுக்கடியில் தள்ளி, கதவில் சாவியோடு தொங்கிய பூட்டைப் போட்டு ரூமைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, மாலாவைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனாள்.

கிழக்கு வெளுக்கும்போது முதலாளியின் பைக் வந்தது.

"எவ பூட்டுனது?"

"நாந்தான் அண்ணாச்சி. டப்பா உள்ள இருக்கு. இனிமே எவ வீட்டுக்கும் போகாது. இங்கனயே ஒரு இரும்புப்பெட்டி வைங்க, ரெண்டு பூட்டுப் போட்டு. ஒரு சாவி ஒங்ககிட்ட, ஒண்ணு எங்ககிட்ட. கைக்கெட்டாம வச்சாலே எத்தனையோ உசுரு தப்பும்னு ஆஸ்பத்திரி நர்சம்மா சொன்னாவ."

"சாகணும்னு நெனைச்சவ எப்படியும் சாவா. அதுக்கு நான் காவலா? சாவியக் குடுத்துட்டுப் பூவ எடு."

யாரும் அசையவில்லை. வரிசைக்குள்ளிருந்து மாலா வெளியே வந்தாள்.

"அப்படி இல்ல மொதலாளி. நேத்து அது என் வீட்டுக்கு வந்திருந்தா இன்னைக்கு நான் இல்ல." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "காலையில முழிச்சேன். பசிச்சுது. மதினி வீட்டுல கஞ்சி குடிச்சேன்."

முதலாளி அவளைப் பார்க்கவில்லை, செடிகளைப் பார்த்தார். "வெயில் ஏறுது. மொட்டு விரிஞ்சிரும்."

"விரியட்டும்" என்றாள் கூட வேலைசெய்யும் கோமதியம்மாள். மடியை அவிழ்த்து வரப்பில் உட்கார்ந்தாள். ஒவ்வொருத்தியாக எல்லாரும் உட்கார்ந்தார்கள்.

"நாளைக்கே வேற ஆளப் பிடிச்சுருவேன்."

"பிடிங்க. அவளுகளும் பிள்ளகுட்டிக்காரிதான். அவளுககிட்டயும் சொல்லுவோம்" என்றாள் முத்துமாரி.

பைக்கை உதைத்துக் கிளப்பிக்கொண்டு அவர் போய்விட்டார். பெட்டி வரவில்லை. இன்றைய கூலியும் போயிற்று. தோட்டம் முழுக்க மல்லி விரிந்து வாசம் நெஞ்சை அடைத்தது. இசக்கித்தாயின் வரிசையும் வெள்ளை வெளேரென்று பூத்துக் கிடந்தது.

"வெயில் தாழ நர்சம்மாகிட்டப் போவோம். நானும் வாரேன்" என்றாள் முத்துமாரி.

"ராத்திரிக்கு மாலா எங்க வீட்டுல" என்றாள் கோமதியம்மாள்.

"நாளைக்கு எங்க வீட்டுல" என்றது வரப்பின் கடைசியிலிருந்து ஒரு குரல். டப்பாவுக்கு வைத்திருந்த முறையை இப்போது மாலாவுக்கு வைத்தார்கள்.

முத்துமாரி முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கம்மலை எடுத்தாள்.

"ஏட்டி, காதைக் காட்டு."

மாலா தலையைச் சாய்த்துக் காதைக் காட்டினாள்.