வடிவமைத்தவர் கையெழுத்து

கொழுந்தன் தன் புது மடிக்கணினியைக் காலைச் சாப்பாட்டு மேசையில் வைத்த தோரணையைப் பார்த்தால், தட்டும் தம்ளரும் எழுந்து நின்று வழிவிட வேண்டும் போலிருந்தது.

"அண்ணி, ஈரக் கையோட தொட்டுடாதீங்க. எவ்வளவு ஒல்லி பாத்தீங்களா? ஒத்த விரலால மூடியத் தூக்குறேன், அடிப்பக்கம் அசையுதா பாருங்க."

அசையவில்லை.

"இத அந்தக் கம்பெனி முதலாளியே உக்காந்து வரைஞ்சாராம். பேட்டியில சொன்னாரு."

"அப்படியா? கையெல்லாம் வலிச்சிருக்குமே பாவம்," என்றாள் அண்ணி, தட்டைக் கழுவியபடி.

"கிண்டல் பண்ணாதீங்க. உங்க ஃபேக்டரியில இதுக்கு ஒரு ஸ்குரூவாவது செய்யத் தெரியுமா?"

அவள் கடைசித் தட்டைக் கவிழ்த்து வைத்தாள். அந்த மூடியையும் உடலையும் இணைக்கும் கீலுக்காகப் பதினோரு மாதம் மல்லுக்கட்டியவள் அவள்தான். இருபதாயிரம் முறை இயந்திரத்தால் திறந்து மூடி, உடைந்ததையெல்லாம் கூடையில் போட்டு, மறுபடி வரைந்தவள். ஆனால் யாருக்காகச் செய்கிறோம் என்று வெளியில் மூச்சு விடமாட்டேன் என ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்திருந்தாள். கைத்துண்டை உதறிப் போட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பினாள்.

தொழிற்சாலையில் அவளுக்குப் பெயர் கீலக்கா. அங்கே காலையில் ஒரு கம்பெனி பெயர் பொறித்த மூடி வரும், மதியம் இன்னொரு கம்பெனி பெயர் வரும். உள்ளே இருப்பதெல்லாம் ஏறக்குறைய ஒரே சரக்கு, ஒரே கைகள். கம்பெனிக்காரர்கள் அனுப்புவது பெரும்பாலும் ஒற்றை வரிதான்: 'இன்னும் ஒல்லியாக வேண்டும்.' மீதியை இங்கிருப்பவர்கள் மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடிக்க வேண்டும்.

அன்று அந்த ஒற்றை வரிக்குச் சொந்தக்காரரே வந்தார், காலையில் கொழுந்தன் சொன்ன அதே முதலாளி. அடுத்த மாடலுக்கு விளம்பரப் படம் எடுக்கிறார்களாம். 'எங்கள் வடிவமைப்புக் கூடம்' என்று காட்ட அவருடைய அலுவலகத்தில் சோபாக்களைத் தவிர ஒன்றும் இல்லாததால் இங்கே வந்துவிட்டார்கள். தொழிற்சாலையின் பெயர்ப்பலகையைத் துணி போட்டு மூடினார்கள். எல்லோருக்கும் அந்தக் கம்பெனி பெயர் போட்ட வெள்ளைக் கோட்டை மாட்டினார்கள். மேலாளருக்குக் கிடைத்த கோட்டில் பொத்தான் எட்டவில்லை. மூச்சை இழுத்துப் பிடித்தபடியே அவர் அன்று காலை முழுக்கப் பேசினார்.

"கீலக்கா, சார் என்ன சொன்னாலும் தலைய ஆட்டிடுங்க. புண்ணியமாப் போகும்."

கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்தது. மேசையில் இரண்டு கணினிகள் இருந்தன. ஒன்று நிஜம். மற்றது அழகு பார்ப்பதற்காகச் செய்த வெற்றுக்கூடு. திரையில் படம் ஒட்டியிருக்கும், பொத்தான்கள் அழுந்தாது, பேட்டரி கிடையாது. இங்கே துடைப்பம் பிடிப்பவருக்குக்கூட அது டம்மி என்று தெரியும்.

முதலாளி அந்த டம்மியைத்தான் எடுத்தார்.

"ஆஹா! காத்துதான், வெறும் காத்து!" கண்ணை மூடிக்கொண்டார். "இத வரையும்போது நான் மூணு மாசம் சரியாத் தூங்கல. எடை போடுங்க!"

உதவியாளர் தராசில் வைத்தார். "நானூறு கிராம், சார்!"

"நானூறு! உலகத்துலயே யாராலயும் முடியாதத நாங்க செஞ்சிருக்கோம்!"

வெள்ளைக் கோட்டுகள் எல்லாம் கூரையைப் பார்த்தன. மேலாளர் மூச்சு விடுவதையே நிறுத்திவிட்டார்.

"சார், அதுக்குள்ள ஒண்ணுமே இல்ல," என்றாள் கீலக்கா. "அது டம்மி. நீங்க வரைஞ்சது பக்கத்துல இருக்கு. ஆயிரத்து ஐம்பது கிராம்."

பின்வரிசையில் யாரோ இருமினார்கள். அது இருமல் இல்லை.

முதலாளி முகம் போன போக்கு ஒரு கணம்தான். உடனே சமாளித்தார். "தெரியும்மா. யாருக்குச் சொல்லத் தைரியம் இருக்குன்னு பாத்தேன். சரி, ஒரு கிலோவுக்கு மேல ஒரு கிராம் இருக்கக்கூடாது. ஐம்பது கிராம் குறைங்க. இன்னைக்கே."

"கீலைத் தாங்குற எஃகுத் தகடு சரியா ஐம்பது கிராம் சார்!" என்றார் மேலாளர், வரம் கிடைத்தவர் போல. "எடுத்துடலாம்!"

"எடுத்தா நாலு மாசத்துல மூடி தனியா கையோட வந்துடும்," என்றாள் அவள்.

"நாலு மாசம் கழிச்சுப் பாத்துக்கலாம்," என்றார் முதலாளி.

மேலாளர் மாற்றப் படிவத்தை நீட்டினார். அந்தத் தாளில் கையெழுத்து விழாமல் அங்கே யாரும் ஒரு திருகாணியைக்கூடத் தொட முடியாது. கடைசிக் கட்டத்தில் 'வடிவமைத்தவர்' என்று இருக்கும். பொருள் உடைந்தால் அந்தப் பெயரைத்தான் தேடி வருவார்கள். இந்த முதலாளியின் மாடல்களுக்காக இதுவரை அறுபத்தேழு படிவங்களில் அந்தக் கட்டத்தில் விழுந்த கையெழுத்து அவளுடையது. இதிலும் போட்டால் அறுபத்தெட்டு. போட மறுத்தால் நாளைக்கு அவள் நாற்காலியில் வேறொருவர்.

"போடும்மா," என்றார் மேலாளர், தரையைப் பார்த்துக்கொண்டு.

கீலக்கா பேனாவைத் திறந்தாள். படிவத்தைத் திருப்பி முதலாளி முன்னால் வைத்தாள்.

"நீங்க போடுங்க சார்."

"நானா?"

"வடிவமைத்தவர்னு இருக்கு பாருங்க. மூணு மாசம் தூங்காம வரைஞ்சேன்னு இப்பத்தானே சொன்னீங்க? நாங்க நடுவுல வந்து கையெழுத்துப் போட்டா உங்க உழைப்ப நாங்க திருடுன மாதிரி ஆகிடும்."

முதலாளி பேனாவைப் பார்த்தார். சூடு பட்டவர் போலக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நான் எப்படிம்மா போட முடியும்? உள்ள என்ன இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? செய்யறது எல்லாம் நீங்கதானே!"

கேமராக்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "சார்... விளக்கு இன்னும் எரியுது."

யாரும் இப்போது இருமவில்லை. வெளிப்படையாகவே சிரித்தார்கள்.

"படத்த வெட்டுறதும் வெக்கிறதும் உங்க இஷ்டம் சார்," என்றாள் கீலக்கா. "ஆனா பேர் உங்களுக்கு, பழி எங்களுக்குங்கற கணக்கு இனி இந்த மேசையில நடக்காது. பேரப் போடறவர் கையெழுத்தும் போடணும். கையெழுத்துப் போட முடியலேன்னா, செஞ்சவங்க யாருன்னு சொல்லணும்."

மேலாளர் படிவத்தை எடுத்தார். அவளிடம் மறுபடி நீட்டப்போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நாலாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு அந்த எட்டாத கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டிவிட்டு, காலையிலிருந்து முதன்முறையாக முழு மூச்சு விட்டார்.

"தகடு இருக்கட்டும் சார். இல்லேன்னா வேற ஃபேக்டரி பாருங்க. அங்கயும் இதே கட்டம் இருக்கும்."

ஒவ்வொரு கோட்டாகக் கழன்றது. தகடு அதே இடத்தில் இருந்தது.

மாலையில் வீட்டுக்கு வந்தபோது கொழுந்தன் மேசையில் அந்தக் கணினியோடு உட்கார்ந்திருந்தான்.

"தம்பி, அந்த மூடி ஒத்த விரலுக்கு வருதே, அந்தக் கீல் நான் செஞ்சது."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் கணினியைத் தூக்கி அடியில் பார்த்தான், ஓரத்தில் பார்த்தான்.

"உங்க பேரு எங்கயும் இல்லையே அண்ணி?"

"இருக்காது. உடைஞ்சா மட்டும்தான் தேடுவாங்க. சொல்லக்கூடாதுன்னு எழுதி வாங்கியிருக்காங்க. நான் சொல்லிட்டேன், வர்றது வரட்டும். ஒரு பொருள வாங்கும்போது மூடியில இருக்கற பேர மட்டும் படிச்சிட்டுக் கும்பிடாத. யார் செஞ்சதுன்னு ஒரு வார்த்தை கேளு. செஞ்சவங்கள மறைச்சு வெச்சுப் பேர் வாங்கறதுக்கும் திருட்டுன்னுதான் பேரு. கேக்காம வாங்கற நாமளும் அதுக்குத் துணை."

அவள் கையைக் கழுவிவிட்டு வந்தாள். துடைக்கவில்லை. ஈரம் சொட்டும் ஒற்றை விரலால் மூடியைத் தூக்கினாள்.

கொழுந்தன் தடுக்கவில்லை. அடிப்பக்கம் அசையவே இல்லை.