பின்சீட்டுத் தூக்கம்

வீட்டில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். வைத்தது அவருடைய அக்கா. தக்காளி வாங்கப் போனால் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, கடைக்காரரின் பொறுமையைச் சோதித்துவிட்டு அரைக்கிலோ வாங்கி வருகிற மனிதர். வேலையும் அதற்கேற்ற வேலை, மருந்துக் கம்பெனியில் தரம் பார்ப்பது. இப்போது மனைவியாக இருக்கும் அவளை முதன்முதலில் சந்தித்த அன்றே, "படிச்சு முடிச்சது எந்த வருஷம்?" என்று கேட்டுவிட்டு மனசுக்குள் வயதைக் கணக்குப் போட்டவர். அவள் இன்றுவரை அதைச் சொல்லிக்காட்டிக்கொண்டிருக்கிறாள்.

அப்படிப்பட்டவர் பழைய கார் வாங்கக் கிளம்பினால் கேட்கவா வேண்டும்! எத்தனையோ வண்டிகளைத் தட்டிக் கழித்த பிறகு, ஒரு பேக்கரிக்காரரின் வெள்ளை நிறக் கார் அவருக்குப் பிடித்துப்போனது. பதிவு விவரங்களை எடுத்துப் பார்த்தார். ஒரே ஓனர். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் விசாரித்தார். வாங்கிய நாள் முதல் ஒரு கிளெய்ம்கூட இல்லை. சர்வீஸ் பில்கள் அத்தனையும் வரிசையாக இருந்தன. சேஸிஸ் நம்பரைத் துணியால் துடைத்துக் கண்ணை இடுக்கிக்கொண்டு படித்தார். வெள்ளத்தில் நின்ற வண்டியாக இருந்துவிடுமோ என்று மண்டியிட்டு முன்சீட்டுக்குக் கீழே மோந்துகூடப் பார்த்தார். கடைசியில் டிக்கியைத் திறந்தார். உள்ளே புத்தம்புதுக் கம்பளம் விரித்திருந்தது.

"எவ்வளவு சுத்தமா வச்சிருக்காங்க பாரு" என்றார் அவளிடம், குரலைத் தாழ்த்தி.

பிறகு பேரம். மனிதர் அடிமாட்டு விலை ஒன்றைச் சொல்லிவிட்டு, நீண்ட சண்டைக்குத் தயாராகச் சட்டைக் கையை மடித்தார். பேக்கரிக்காரர் கையிலிருந்த மாவைத் தட்டிக்கொண்டே, "சரி, எடுத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான். அவளுக்கு அங்கேயே என்னவோ போல இருந்தது. ஒரு ரொட்டித்துண்டைக்கூட ஓசியில் கொடுக்காத ஆள், காரை ஏன் இப்படித் தூக்கிக் கொடுக்கிறார்? ஆனால் வீடு வந்து சேர்கிறவரை பூதக்கண்ணாடியின் முகத்தில் இருந்த வெற்றிக்களையைப் பார்த்து அவள் வாயைத் திறக்கவில்லை.

கார் யோசனையே மகனால் வந்ததுதான். பிறந்து ஆறு மாதம் ஆகிறது, பயலுக்குத் தூக்கம் என்றாலே ஜென்மப்பகை. தோளில் போட்டால் அழுகை, தொட்டிலில் போட்டால் அழுகை, பாடினால் அதைவிடப் பெரிய அழுகை. மாடிவீட்டுக்காரர் படியில் பார்க்கும்போதெல்லாம் "பையனுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்பார். விசாரிப்பு மாதிரி இருக்கும், ஆனால் புகார்தான். அவள் பல்மருத்துவமனை வேலைக்கு நீண்ட விடுப்பு போட்டுவிட்டு, நின்றுகொண்டே தூங்கக் கற்றுக்கொண்டிருந்தாள்.

அந்த மகன், கார் வந்த முதல் வாரமே எல்லோரையும் வாயடைக்க வைத்தான். பின்சீட்டில் குழந்தை இருக்கையில் வைத்துப் பட்டையை மாட்டி, தெருமுனையைத் தாண்டிப் பெரிய ரோட்டில் கொஞ்ச தூரம் போவதற்குள் கண் செருகிவிட்டது. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும்.

"விலைக்கு விலையும் குறைச்சு, தாலாட்டும் சேத்துக் குடுத்திருக்கான்க்கா அந்த மனுஷன்" என்று பூதக்கண்ணாடி அக்காவிடம் போனில் பீற்றிக்கொண்டார்.

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் மகனைக் காரில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. எஞ்சினை நிறுத்தினால் பயல் முழித்துக்கொள்வான். அதற்கும் அவரே வழி கண்டுபிடித்தார். தபால் ஆபீஸுக்குப் பின்னால் இருக்கும் விளையாட்டு மைதானத்தின் மதிலோரம் வண்டியை நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, கண்ணாடிகளை ஏற்றி, ஏசியையும் போட்டுவிட்டு, தானும் சாய்ந்துகொள்வார். போன் அடித்தால் எழுந்துவிடுவான் என்று அதையும் ஊமையாக்கி வைத்துவிடுவார். அந்த நேரத்தில் அவள் வீட்டில் கட்டையாய்க் கிடந்து தூங்குவாள். அந்தத் தூக்கத்துக்காக அவள் அந்தக் காரைக் கையெடுத்துக் கும்பிடக்கூடத் தயாராக இருந்தாள்.

ஒன்றிரண்டு விஷயங்கள் அவள் கண்ணில் படத்தான் செய்தன. திரும்பி வந்தால் அவருக்குத் தலைவலி மண்டையைப் பிளக்கும். தூக்கம் கெட்ட வீட்டில் தலைவலி இல்லாவிட்டால்தானே ஆச்சரியம் என்று அதை விட்டுவிட்டார்கள். மகன் இரண்டு தடவை குடித்த பாலைக் கக்கினான். குழந்தை என்றால் கக்கும். அவனுடைய வெள்ளைப் போர்வையின் ஓரத்தில் மைபோல லேசாகக் கறை ஏறியிருந்தது. ரோட்டுத் தூசி என்று சோப்புப் போட்டுத் துவைத்துக் காயப்போட்டாள். அடுத்த வாரம் மறுபடியும் அதே கறை.

அன்றைக்கும் அப்பாவும் மகனும் கிளம்பிப் போனார்கள். அவள் படுக்கப் போகும்போது, காலையில் காரைக் கூட்டியபோது பின்சீட்டு இடுக்கில் கிடைத்த மூக்குக்கண்ணாடிக் கூடு மேசைமேல் கண்ணில் பட்டது. உள்ளே வயதானவர்கள் போடும் தடித்த கண்ணாடி. தேடிக்கொண்டிருப்பார்களே என்று பேக்கரிக்காரர் வீட்டுக்குப் போன் போட்டாள். அவருடைய மனைவிதான் எடுத்தார்.

"ஐயோ, அது எங்க அத்தையோடதும்மா. அவங்க போய்ச் சேந்துட்டாங்களே. இனிமே கண்ணாடி எதுக்கு?"

"அடடா, தெரியாமக் கேட்டுட்டேன்க்கா."

"பரவாயில்லம்மா. நல்ல சாவு. எல்லாருக்கும் அப்படி வாய்க்காது" என்று அந்த அம்மா உற்சாகமாகவே ஆரம்பித்தார். பேச ஆள் கிடைத்த சந்தோஷம் குரலில் தெரிந்தது. "அந்தக் கார்லதான் போனாங்க. வீட்டுல ராத்திரி பூரா கொட்டக் கொட்ட முழிச்சுக்கிட்டு எங்க உயிரை எடுப்பாங்க. கார்ல ஏத்தினா போதும், தூங்கிடுவாங்க. அன்னைக்கு வீடு வந்து சேந்ததும் எழுப்பறேன், எழுந்திரிக்கல. முகம் அப்படியே சிவந்து, தூங்கற மாதிரியே இருந்தாங்க. டாக்டர்கூட வயசாயிடுச்சில்லன்னு சொல்லிட்டார்."

அவள் கையிலிருந்த கூட்டை மேசையில் வைத்தாள்.

"எப்பவுமே கார்ல தூங்குவாங்களாக்கா?"

"இல்லம்மா, நடுவுலதான் அப்படி. ஒரு லாரிக்காரன் பின்னாடி வந்து இடிச்சான் பாரு, அதுக்கப்புறம்தான்."

"லாரி இடிச்சுதா? இன்ஷூரன்ஸ்ல ஒண்ணுமே இல்லையே?"

"கிளெய்ம் போட்டா ரெக்கார்டுல ஏறிடும், நாளைக்கு வண்டி விலை போகாதுன்னு எங்க வீட்டுக்காரர் கைக்காசப் போட்டுத் தெரிஞ்ச ஆளு கிட்ட ஒட்ட வச்சாரு. டிக்கி அடித்தகடு, புகைக்குழாய் எல்லாம் நசுங்கிப் போச்சே. தட்டி ஒட்டி மேல கம்பளம் போட்டதும் பாக்கப் புதுசு மாதிரி ஆயிடுச்சு. எனக்குத்தான் அதுல ஏறினாலே தலைவலி. கண்ணாடிய இறக்கி விட்டுக்கிட்டு முன்னாடிதான் உக்காருவேன்."

புகைக்குழாய். கம்பளம். போர்வையில் மைக்கறை. ஒவ்வொன்றாக அவள் மண்டைக்குள் வந்து உட்கார்ந்தன. எஞ்சின் புகை காருக்குள்ளேயே கசிகிறது. மறுமுனையில் ஏதோ கசமுசா என்று சத்தம், பிறகு போன் கைமாறியது. பேக்கரிக்காரர்.

"என்னம்மா வேணும் உங்களுக்கு? பேப்பர் எல்லாம் சுத்தமாத்தானே குடுத்தோம்?"

"பின்னாடி லாரி இடிச்சுதாமே?" என்றாள் அவள். அவர் குரல் தேய்ந்துபோய்க் கேட்டார்:

"பின்சீட்ல யாரும்மா உக்காருறாங்க?"

அந்தக் கேள்வியில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இந்த ஆளுக்குத் தெரியும். தெரிந்துதான் விற்றிருக்கிறான். போனை அப்படியே துண்டித்துப் புருஷனுக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. ஊமையாக்கி வைத்த போனை யார் எடுப்பார்கள்? செருப்பைக்கூட மாட்டாமல், கதவைத் திறந்தபடியே போட்டுவிட்டுப் படியிறங்கி ஓடினாள்.

தெருவில் போகிறவர்கள் ஒதுங்கி நின்று பார்த்தார்கள். மகன் பிறந்த நாளிலிருந்து அவள் ஓடியதில்லை. அடிவயிறு இழுத்துப் பிடித்தது, மூச்சு நெஞ்சைக் கிழித்தது. ஓடுகிறபோது மனசு பாட்டுக்கு ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தது: அழுதுகொண்டிரு, கண்ணா, இன்றைக்கு மட்டும் தூங்காமல் அழுதுகொண்டிரு.

மதிலோரம் கார் நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. நாலு கண்ணாடியும் ஏறியிருந்தன. பூதக்கண்ணாடி வாயைப் பிளந்தபடி சாய்ந்து கிடந்தார். பின்னால் அவள் மகன், தலை ஒரு பக்கம் சரிந்து, அமைதியாக இருந்தான். அப்படி ஓர் அமைதியான முகத்துக்குத்தான் அவள் இத்தனை மாதமாக ஏங்கியிருந்தாள்.

கதவை இழுத்தாள், வரவில்லை. கண்ணாடியில் அறைந்தாள், கத்தினாள். அவர் கண்ணைப் பாதி திறந்து மறுபடி மூடிக்கொண்டார். மதிலோரம் கிடந்த செங்கல்லை எடுத்து முன்கதவுக் கண்ணாடியை உடைத்தாள். கைவிட்டுப் பூட்டை நீக்கிச் சாவியைத் திருகி எஞ்சினை அணைத்தாள். அவர் குடிகாரனைப் போல நாக்குக் குழற, "கண்ணாடிய... ஏன் உடைச்சே?" என்றார். அவரை அப்படியே விட்டுவிட்டுப் பின்கதவைத் திறந்து, பட்டையைப் பிய்த்து மகனைத் தூக்கினாள்.

உடம்பு கந்தல்துணியாகத் தொங்கியது. புல்தரையில் மண்டியிட்டு முகத்தில் ஊதினாள், உள்ளங்காலைச் சுண்டினாள். ஒன்றுமில்லை. கன்னத்தில் தட்டினாள். ஒன்றுமில்லை. பந்தாடிக்கொண்டிருந்தவர்கள் ஓடி வந்து சூழ்ந்துகொண்டார்கள், யாரோ ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணினார்கள். அவள் அவனுடைய தொடையைப் பிடித்து, பெற்றவள் கிள்ளக்கூடாத அளவுக்குக் கிள்ளினாள்.

முதலில் உதடு கோணியது. பிறகு ஒரு சிறு முனகல். அப்புறம் வந்தது அழுகை. மாடிவீட்டுக்காரரை எழுப்பிய அதே அழுகை, மைதானம் முழுக்கக் கேட்டது. அவளும் அவனோடு சேர்ந்து அழுதாள்.

ஆஸ்பத்திரியில் மகனுக்கு மூக்கருகே பிராணவாயுக் குழாயை வைத்தார்கள், அப்பாவுக்கும் ஒன்று. டாக்டர் அவளைத் தனியே கூப்பிட்டு, "நீங்க வர இன்னும் கொஞ்சம் தாமதமாயிருந்தா..." என்று ஆரம்பித்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். பயல் குழாயைப் பிடுங்கிப் பிடுங்கி எறிந்து அழுதான். நர்ஸ், "நல்லா அழட்டும், அதான் வேணும்" என்றாள்.

பிறகு அவர் கொஞ்சம் தெளிந்து, நடைவழி பெஞ்சில் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வெளுத்துப்போயிருந்தார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள், லாரி இடித்தது, கிளெய்ம் போடாதது, கிழவி செத்தது. அவர் தலையைக் கையில் தாங்கியபடி கேட்டார். அழுதார். அவள் கையை எடுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டார். அந்த நேரத்தில் அவள் அவரை மன்னித்துவிடத்தான் நினைத்தாள்.

வெகுநேரம் கழித்து அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"அந்தச் சனியன இனி வீட்டு வாசல்ல நிறுத்தக்கூடாது" என்றார். பிறகு, யோசனையாக: "கண்ணாடிய மட்டும் மாத்திட்டுத் தள்ளிவிட்டுடலாம். விலையும் பெருசா கொறையாது. ரெக்கார்டு சுத்தமாத்தானே இருக்கு."

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். எந்தக் குழப்பமும் இல்லாத முகம். மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்க்கிற அதே முகம். பேக்கரிக்காரரும் கம்பளம் விரித்த அன்று இப்படித்தான் இருந்திருப்பார் என்று அவளுக்குத் தோன்றியது.

"பின்சீட்டுல யார் உக்காருவாங்க?" என்று கேட்டாள்.

அவர் கீழே பார்த்துக்கொண்டு சட்டைப் பித்தானைத் திருகினார். உள்ளே மகன் அழுதுகொண்டிருந்தான். அவள் எழுந்து அவனிடம் போனாள்.