முற்றத்தில் நாற்பத்தொரு மணி நேரம்

வாத்தியார் என்றால் பள்ளிக்கூட வாத்தியார் இல்லை. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வாத்தியார். காலையிலிருந்து மாலை வரை பக்கத்து இருக்கையில், காலடியில் தனி பிரேக்கோடு உட்கார்ந்துகொண்டு, "பலகையைப் படி! கண்ணு எங்க இருக்கு? படிச்சிட்டு அப்புறம் திரும்பு!" என்று ஊரார் பெற்ற பிள்ளைகளைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்துவது அவர் தொழில். ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிப் போட்டதும் இன்னொரு அவதாரம் எடுப்பார். இணையத்தில் 'தராசு' என்ற பெயரில் வீடியோ விளையாட்டுகளுக்குத் தீர்ப்பு எழுதுகிற அவதாரம்.

அவர் தீர்ப்பில் நடுவாந்திரம் என்பதே கிடையாது. ஒன்று தெய்வம், இல்லாவிட்டால் குப்பை. ஊரே கொண்டாடிய ஒரு பண்ணை விளையாட்டை, "அறுபது மணி நேரம் முட்டைக்கோஸுக்குத் தண்ணீர் ஊற்றுவதற்குப் பெயர் விளையாட்டல்ல, பணி ஓய்வு" என்று எழுதினார். ஒரு கார்ப் பந்தய விளையாட்டை, "என்னிடம் படித்து மூன்று முறை தேர்வில் தோற்றவர்கூட இதைவிட ஒழுங்காக வளைப்பார்" என்று கிழித்துத் தொங்கவிட்டார். 'ஏணிமலை' என்று ஒன்று. ஏணி மேல் ஏணியாக ஏற வேண்டும், கால் தவறினால் அடிவாரத்துக்கே வந்து விழ வேண்டும். அது அவருடைய இரண்டு கண்ட்ரோலர்களைக் காவு வாங்கியது. சுவரில் விட்டெறிந்தவர் அவர், 'மனிதத்தன்மை இல்லாதது' என்று பட்டம் வாங்கியது விளையாட்டு.

அவர் மனைவிக்கு ஏணிமலை என்றால் உயிர். விழுந்தால் விழுந்ததுதான், சாக்குப்போக்கு கிடையாது, இதைவிட நேர்மையான விளையாட்டு உண்டா என்பது அவள் கட்சி. இந்தக் கட்சியை அவள் யாரிடமும் சொன்னதில்லை, ஏனென்றால் யாரும் கேட்டதில்லை. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷமாகிறது, "இந்த கேம் உனக்கு எப்படி இருந்துச்சு?" என்று தராசு ஒரு நாளும் வாய் திறந்து கேட்டது கிடையாது. அவள் விளையாடுவாள் என்பதே அவருக்குத் தெரியாது. நான்கு மணிக்கு வேலையிலிருந்து வந்து, அவர் வருகிற வரைக்கும் அவள் ராஜ்ஜியம்தான். முதல் நாள் விளையாட்டுப் பெட்டி அவள் பெயரைக் கேட்டபோது வாசல் மணி அடிக்கவே பாதியில் எழுந்து போனாள். அதுவாகவே 'விருந்தினர்' என்று வைத்துக்கொண்டது, அப்படியே நின்றுவிட்டது. சொந்த வீட்டில் விருந்தாளி. சில நாள் அதைப் பார்த்தால் சிரிப்பு வரும், சில நாள் பற்றிக்கொண்டு வரும்.

அவளுக்கு அச்சகத்தில் வேலை. மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைப்பார்களே, யாரும் படிக்காமல் தூக்கிப் போடுகிற துண்டுக் காகிதம், அதற்குப் பிழை பார்ப்பவள் அவள். உலகத்தில் அந்தக் காகிதத்தைக் கடைசி வரி வரைக்கும் படிக்கிற ஒரே ஜீவன். அந்தப் பழக்கம் விளையாட்டிலும் போகவில்லை. திரையில் எவன் வந்து எதைச் சொன்னாலும் முழுசாகப் படித்துவிட்டுத்தான் நகருவாள். தராசுக்கு நேர்மாறு. யாராவது வாய் திறந்தால் போதும், கட்டை விரல் தானாகவே பேச்சைத் தாண்டும் பொத்தானை அமுக்கிவிடும். "கதை பேசறவன் பேசிட்டே இருக்கட்டும், நான் விளையாட வந்தவன்" என்பார்.

அப்போதுதான் 'கோட்டைவாசல்' வந்தது.

ஒரு சதுரமான முற்றம். நடுவில் வைக்கோல் பொம்மை. மூலையில் ஒரு கல் இருக்கை. பூட்டிய கதவுக்குப் பக்கத்தில் ஒரு கிழட்டுக் காவலாளி. விளையாடுபவர் கையில் மரவாள். தொடங்கியதும் காவலாளி சொல்வான்: "இது பழகுற இடம். கை வலிச்சா அந்தக் கல்லுல போய் உட்காரு. நீ ஒரு நிமிஷம் சும்மா உட்கார்ந்தாத்தான் நான் கதவைத் திறப்பேன்." அவள் படித்தாள், நாலு வீச்சு வீசினாள், போய் உட்கார்ந்தாள், கதவு திறந்தது. உள்ளே ஒன்பது மாளிகை, ஒரு ஏரி, பேசும் நாய், ஒரு போர். மூன்று வாரத்தில் முடித்தாள். மனசு கேட்காமல் இன்னொரு தடவையும் முடித்தாள்.

அதே மூன்று வாரம் தராசு முற்றத்திலேயே இருந்தார். காவலாளி வாய் திறந்தான், இவர் தாண்டினார். அப்புறம் பொம்மையை வெட்டினார். வைக்கோல் பறந்தது, மறுபடி முளைத்தது. மறுபடி வெட்டினார். ஒரு நிமிஷம் சும்மா உட்காருவது என்பது அவர் ஜாதகத்திலேயே கிடையாது. முதல் நாள் கடுப்பானார், மூன்றாம் நாள் குழம்பினார், ஐந்தாம் நாள் அவருக்கு ஞானம் பிறந்துவிட்டது. "அடடா, இது கேமே இல்ல, வாழ்க்கை!" என்று கண் கலங்கச் சொன்னார். அவள் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கையிலிருந்த தட்டு நழுவப் பார்த்தது.

"என்னங்க, அந்தக் காவக்காரன் என்னமோ சொல்றானே, ஒரு தடவை நின்னு..."

"அவன் எதுவும் சொல்ல மாட்டான். அதான் தத்துவம். இதெல்லாம் உனக்குச் சொன்னா விளங்காது, விடு."

அவள் விட்டாள். ஆனால் மனசுக்குள் ஒரு முடிவு எடுத்துக்கொண்டாள். 'உனக்கு என்ன தோணுது' என்று இந்த மனுஷன் ஒரே ஒரு தடவை கேட்கட்டும், எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். கேட்காவிட்டால் நான் ஏன் சொல்ல வேண்டும்?

தராசு எழுதிய கட்டுரை பிய்த்துக்கொண்டு ஓடியது. 'பெரியவர்களுக்காகச் செய்யப்பட்ட முதல் விளையாட்டு' என்று தலைப்பு. படித்தவர்கள் எல்லாம் நல்ல நையாண்டி என்று சிரித்துச் சிரித்து ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள். அவர் அதைப் புகழ் என்று எடுத்துக்கொண்டார். கடைசியில் நகர நூலகத்திலிருந்து அழைப்பே வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குக் கூட்டம், விளையாட்டை உருவாக்கிய பெண்மணி வருகிறார், தராசுதான் பாராட்டிப் பேச வேண்டும்.

பதினொரு பக்கம் எழுதினார். சனிக்கிழமை காலையில் மனைவி முன்னால் கொண்டுவந்து வைத்தார். கேட்கப்போகிறாரோ என்று அவள் நிமிர்ந்தாள்.

"பிழை ஏதாவது இருக்கான்னு பாரு," என்றார்.

"எழுத்தை மட்டும் பாக்கவா, விஷயத்தையும் பாக்கவா?"

"விஷயத்துல உனக்கென்ன வேலை? எழுத்தைப் பாரு, போதும்."

அச்சகத்தில் ஒரு விதி உண்டு. எழுத்துப் பிழையை அவளே திருத்தலாம், விஷயத்தில் கை வைக்கக் கூடாது. 'வேளைக்கு இருபது மாத்திரை' என்று வந்தாலும் அவள் அதை இரண்டாக்க முடியாது. ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட வேண்டும். 'இது தப்பு, உடனே சரிபார்' என்பதற்கு அச்சக பாஷை அது. அந்தக் குறியைப் பார்த்தால் மருந்துக் கம்பெனிக்காரர்கள் பதறியடித்துக்கொண்டு கூப்பிடுவார்கள்.

அவள் இரண்டு ஒற்றுப்பிழைகளைத் திருத்தினாள். 'இவ்விளையாட்டில் இருப்பது ஒரே ஒரு முற்றம்' என்ற வரிக்கு வந்தாள். பென்சில் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. கோபம் இருந்தது, ஆனாலும் கட்டிய புருஷன் அறுபது பேர் முன்னால் போய் நிற்கப்போகிறார். ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள். சின்னதாகப் போடவில்லை, நன்றாகவே அழுத்திப் போட்டாள்.

தராசு பக்கங்களைப் புரட்டினார். அந்த இடத்தில் நின்றார். 

"புரியலையா?" என்று சிரித்தார். "புரியாதுன்னு தெரியும். நாளைக்கு மேடையில விளக்கமாச் சொல்றேன், வந்து கேளு." அழிரப்பரை எடுத்துக் கேள்விக்குறியைத் தேய்த்து, தூளை ஊதிவிட்டார்.

சரி, பட்டுத்தான் தெரிந்துகொள்ளட்டும் என்று அவள் அடுப்பைப் பார்க்கப் போனாள்.

கூட்ட அறை நிரம்பி வழிந்தது. விளையாட்டை உருவாக்கிய பெண்மணி மேடையில் ஓரமாக உட்கார்ந்திருந்தார். ஒல்லியான ஆள், கூச்ச சுபாவம், மடியில் ஒரு நோட்டு. தராசு மைக்கைப் பிடித்தார். "இதுல ஒரே ஒரு முற்றம்தான்," என்றதுமே அரங்கம் கொல்லென்று சிரித்தது. அவர் கொஞ்சம் திகைத்தார், அப்புறம் உற்சாகமானார். "நான் அந்த பொம்மையை நாப்பத்தொரு மணி நேரம் வெட்டினேன்," என்றார். பின் வரிசையில் ஒருவர் சிரிப்புத் தாங்காமல் எழுந்து வெளியே போனார். "அந்தக் கதவு எதுக்குன்னு கேக்கறீங்களா? அது திறக்காது. திறக்காததுதான் அதோட அழகு!" கைத்தட்டல் அடங்கவே இல்லை.

பெண்மணி மட்டும் சிரிக்கவில்லை. மெதுவாகக் கேட்டார்: "ஐயா... நீங்க அந்தக் கல்லுல உட்காரவே இல்லையா?"

"எந்தக் கல்லு?"

 அதற்கப்புறம் வந்த சிரிப்பு வேறு மாதிரிச் சிரிப்பு. அது அவருக்கே விளங்கியது. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த அவளுக்கு ஒரு கணம் இனித்தது. மறு கணமே, ஐயோ பாவம், போய்க் கையைப் பிடித்து இறக்கிக் கூட்டிவந்துவிடலாமா என்றுகூட நினைத்தாள். பாதி எழுந்தும்விட்டாள்.

அப்போது தராசு மைக்கில் சொன்னார்: "இதுக்கெல்லாம் பிழை பாத்தது என் வீட்டுக்காரம்மா. அதோ நிக்கறாங்க. அவங்க கண்ணுலயே படல, என்னைச் சொல்றீங்க!"

அறுபது தலையும் திரும்பின. அவளுக்கு இருந்த இரக்கமெல்லாம் ஒரு நொடியில் வடிந்துபோனது.

பெண்மணி அவளைப் பார்த்தார். "அம்மா, நீங்க விளையாடியிருக்கீங்களா?"

"முடிச்சுட்டேன். ரெண்டு தடவை."



"உங்களுக்கு எப்படி இருந்துச்சு?"

பன்னிரண்டு வருஷமாக அவள் காத்திருந்த கேள்வி. கேட்க வேண்டியவர் கேட்கவில்லை, முன்பின் தெரியாத ஒருத்தி கேட்கிறாள்.  

"முதல் பாதி பிரமாதம். அந்த ஏரி, அந்த நாய், எல்லாம் மனசுலயே நிக்குது. ஆனா ஏழாவது மாளிகைக்கு மேல உங்களுக்கு என்ன அவசரம்? போரை எட்டு நிமிஷத்துல முடிச்சுட்டீங்க. அப்புறம் கடைசியில அந்தக் காவலாளி..."

"நல்லாச் சொல்லுங்கம்மா," என்று பெண்மணி நோட்டைப் பிரித்துக்கொண்டார்.

"ஏய், ஏய்!" என்று தராசு பதறினார். மைக் இன்னும் அவர் கையில்தான் இருந்தது. "முடிவைச் சொல்லிடாத! நான் இன்னும் அந்த கேமை விளையாடவே இல்ல!"

சொன்ன பிறகுதான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது.

சிரிப்பு அடங்குகிற வரைக்கும் அவள் பொறுமையாக நின்றாள். பிறகு அந்தக் காவலாளி யார், அவனை யார் கொல்கிறார்கள், எதற்காகக் கொல்கிறார்கள், கதவுக்கு அந்தப் பக்கம் கடைசியில் என்ன இருக்கிறது என்பதையெல்லாம், ஒரு வரிகூட விடாமல், கணவரைப் பார்த்தே சொல்லி முடித்தாள்.